முன்பு இருந்ததே

சிங்கப்பூர் தேக்காவில் மாமாவின் பாத்திரக்கடைக்குப் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதிய ஐயா, 2023 தீபாவளி முடிந்த கையோடு ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். புது ஆள் கிடைக்கும்வரை வேலை முடிந்து மாலையில் வந்து பார்த்துக்கொள் என்றார் மாமா. சரி என்றேன். போகும்போது ஐயா ஒரு நீல அட்டை நோட்டைக் கொடுத்திருந்தார். கடை மின்னஞ்சல், கேமரா, வைஃபை எல்லாவற்றின் பாஸ்வேர்டும் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தன. கணக்கு மென்பொருளுக்கு எதிரில் மட்டும், 'அட்மின்: முன்பு இருந்ததே' என்று எழுதியிருந்தார்.

முன்பு என்ன இருந்தது என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது.

டிசம்பர் மூன்றாம் வாரம்வரை அது யாரையும் உறுத்தவில்லை. பில் போடும் அக்காவுக்குத் தனி லாகின் இருந்தது, வேலை ஓடியது. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகிறது. புது வரி விகிதத்தை உள்ளே சேர்க்க அட்மினால் மட்டும்தான் முடியும். அக்கா முயன்று பார்த்து, "அனுமதி இல்லைன்னு சொல்லுது தம்பி" என்றார்.

முதலில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், எல்லாக் கணினியிலும் மென்பொருளை மூடச் சொல்லிவிட்டு, தரவு இருந்த ஃபோல்டரை அப்படியே வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்தது. திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் கோப்பு மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் ஊகிக்க ஆரம்பித்தோம். கடைப் பெயர், மாமாவின் கார் எண், அத்தையின் பிறந்தநாள், முருகன் பெயர் நாலைந்து விதமாக. ஒன்றும் திறக்கவில்லை.

ஐயாவையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கடைசி மாத போனஸ் விஷயத்தில் மாமாவுக்கும் அவருக்கும் சின்னக் கசப்பு. "அவர்கிட்ட போய் நிக்கணுமா?" என்று மாமா இரண்டு நாள் இழுத்தார். கடைசியில் நானே அழைத்தேன். பாவம், ஐயா பதறிப்போனார். பழைய பாஸ்வேர்டை உடனே சொன்னார். கடையின் பழைய பெயர், கடைசியில் ஒரு 7. ஆனால் 2023 ஜனவரியில் வரி 7இலிருந்து 8 ஆனபோது உள்ளே போனவர், அதையும் மாற்றிவிட்டாராம். எதுவாக மாற்றினார் என்பது மட்டும் நினைவில்லை. "நோட்டுல எழுதினேனே தம்பி!"

பழைய பேக்கப்பைத் திறந்தால் என்ன என்று தோன்றியது. பேக்கப் எடுத்த நாளில் எந்தப் பாஸ்வேர்டோ அதுதான் அதற்கும். 2022 டிசம்பர் பேக்கப் பழைய பாஸ்வேர்டுக்கு ஒழுங்காகத் திறந்தது. ஆனால் ஒரு வருடக் கணக்கு அதில் இல்லை. மாமாவோ, "புதுசாவே ஆரம்பிச்சிரு" என்றார். யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் பழையதில்தான் இருக்கிறது. வரிப் பதிவேடுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக் கணக்கையே ஜனவரி 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

இதற்குள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இணையத்தில் பாஸ்வேர்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் தெரிந்தவர் இருக்கிறார், கோப்பைக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பில் ஊழியர்களின் அடையாள அட்டை எண், சம்பளம், சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அதை முகம் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில் மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணையே அழைத்தேன். முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் அட்மின் பாஸ்வேர்டு வெறும் வாசல் கதவுதான், உள்ளே தரவு பூட்டப்படவில்லை. ஆகவே அவர்களால் மாற்றித் தர முடியும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் டேலிவால்ட் என்ற பூட்டைப் போட்டிருந்தால் கதையே வேறு. அங்கே தரவே மறையாக்கம் ஆகிவிடும், மறந்தால் மறந்ததுதான்.

அந்தப் பெண்மணி பொறுமையாகக் கேட்டது ஒன்றுதான்: உரிமம் யார் பெயரில் இருக்கிறது? அங்கேதான் சிக்கல். 2011இல் வாங்கியபோது கடை மாமாவின் தனியுரிமைத் தொழில். பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனது. பெயர் கொஞ்சம் மாறியது, யுஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண் முழுசாக மாறியது. பழையது 9 எழுத்து, புதியது ஆண்டில் தொடங்கும் 10 எழுத்து. அவர்கள் பதிவில் பழையது. அதைவிட மோசம், பதிவு செய்த மின்னஞ்சல் ஐயாவின் சொந்த முகவரி. அதற்குள் நுழைய வேண்டிய ஓடிபி அவர் திருப்பிக் கொடுத்துவிட்ட சிங்கப்பூர் எண்ணுக்குப் போகிறது. அதாவது சட்டப்படி மென்பொருள் மாமாவுடையது, காகிதத்தில் அது இல்லாமல்போன ஒரு கடையுடையது, சாவி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு திண்ணையில்.

கிறிஸ்துமஸ் முடிந்த செவ்வாய்க்கிழமை முழுக்க காகித வேட்டை. பிஸ்ஃபைல் என்ற அரசாங்க நிறுவனப் பதிவுத் தளத்தில் புதிய, பழைய இரண்டு பதிவுகளின் விவரக் குறிப்பையும் எடுத்தோம். இரண்டிலும் மாமாவின் பெயர் இருந்தது. வாங்கிய ரசீது அத்தையின் பிஸ்கட் டின்னில் கிடைத்தது. அத்தை எதையும் தூக்கிப்போடாதவர். அதுவரை நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்த குணம் அது. மாமா கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்தி ஒரு கடிதம்: உரிமத்தைப் புதுப் பெயருக்கும் கடை மின்னஞ்சலுக்கும் மாற்றித் தரவும். வியாழக்கிழமை பதிவை மாற்றினார்கள். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை கடை மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வந்தது. அதைப் போட்டதும் அட்மின் உள்ளே போய்விட்டது.

பழைய 8 விழுக்காட்டு வரிக் குறியீட்டில் கைவைக்காமல் 9க்குத் தனியாக ஒன்று உருவாக்கினேன். பழையதையே திருத்தினால் முந்தைய பில்கள் என்ன ஆகுமோ என்ற பயம். மாமாவுக்கும் ஒரு அட்மின் லாகின் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு உறைக்குள் போட்டு ஒட்டப்பட்டு அத்தையின் டின்னுக்குள் போனது. திங்கட்கிழமை காலை முதல் பில்லில் 9 விழுக்காடு ஒழுங்காக விழுந்ததை அக்கா படம் எடுத்து அனுப்பினார்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஐயாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. "தம்பி, ஞாபகம் வந்துருச்சு! வரி 7லேருந்து 8 ஆச்சில்ல, அதே மாதிரி கடைசி எண்ணையும் 8 ஆக்கிட்டேன். வேற ஒண்ணும் மாத்தல."

டிசம்பரில் எடுத்த நகல் அந்த வெளி வட்டில் அப்படியே இருந்தது. செருகி, கடையின் பழைய பெயரைப் போட்டு, கடைசியில் 8 தட்டினேன். திறந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவருக்கு அந்த போனஸை அனுப்பிடு" என்றார்.