பழைய ட்ரெவல் ட்ரெயிலர் வாங்கிப் பனிக்காலம் தாண்டியது வரை: ஒன்ராறியோ அனுபவம்

வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் ட்ரெவல் ட்ரெயிலர் வாங்கப் போனால் ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். விற்கிறவர் நிறையைச் சொல்வார், கார் விற்பனையாளர் இழுவைத் திறனைச் சொல்வார், மின்வேலை செய்ய வருகிறவர் அம்பியரைச் சொல்வார். கதவோரத்து ஸ்டிக்கர், லொறித் தராசு, மல்டிமீற்றர் மூன்றும் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் தனியார் ஒருவரிடம் பழைய பதினெட்டு அடி ட்ரெயிலர் வாங்கியதில் எங்களுக்கு எங்கெங்கே இடறியதோ அதை மட்டும் எழுதுகிறேன். ஹிட்ச் என்றால் வாகனத்தின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் இணைப்பு.

முதலில் நிறை. "உங்கள் எஸ்.யு.வி. 5,000 இறாத்தல் இழுக்கும், இந்த ட்ரெயிலர் 4,800தான், பிரச்சினையே இல்லை" என்றார்கள். பிரச்சினை இருப்பது வேறோர் எண்ணில். சாரதிக் கதவைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமான டயர் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கிலோவில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். எங்களுடையதில் 544 கிலோ, கிட்டத்தட்ட 1,200 இறாத்தல். இப்போது கணக்கைப் போடுங்கள். ட்ரெயிலரின் முன்முனையான மூக்கு ஹிட்ச் மேல் வைக்கும் பாரம் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம், 4,800க்கு 12.5 வீதம் என்று வைத்தால் 600 இறாத்தல். அந்தப் பாரத்தைக் கம்பிகளால் முன் அச்சுக்கும் ட்ரெயிலர் அச்சுக்கும் பகிரும் ஹிட்ச் கட்டமைப்பே 90 இறாத்தல் வரும். நான்கு பேர், குளிர்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் இன்னொரு 600. கூட்டினால் 1,290. இழுவைத் திறனில் 200 இறாத்தல் மிச்சம் இருக்கும்போதே பேலோட் 90 இறாத்தலால் உடைந்துவிட்டது. இதை விற்பனைக் கூடத்தில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

விளம்பரத் தாளில் வரும் வெற்று நிறையும் அப்படித்தான். அதில் பற்றரி இல்லை, நிரப்பிய புரொப்பேன் இல்லை, தண்ணீர் இல்லை. 20 இறாத்தல் புரொப்பேன் சிலிண்டர் நிரம்பினால் உருளையோடு சேர்த்து 37 இறாத்தல் அளவில் வரும். அப்படி இரண்டு, பக்கத்தில் பற்றரி, எல்லாமே மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே தாளில் உள்ள மூக்குப் பாரமும் பொய். 150 லீற்றர் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் இன்னொரு 150 கிலோ. முகாமில் குழாய் இருந்தால் அங்கேயே நிரப்புங்கள். கணக்குக்கு எப்போதும் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணையே, அதாவது சாமானோடு ட்ரெயிலர் போகக்கூடிய அதிகபட்ச மொத்த நிறையையே, எடுங்கள்.

நிச்சயம் தெரிய வேண்டுமென்றால் நெடுஞ்சாலை லொறி நிலையங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற லொறித் தராசுக்குப் போங்கள். மூன்று தட்டுகள்: முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு தனித்தனியாகச் சீட்டில் வரும். மூன்று முறை நிறுக்கவேண்டும்: ஹிட்ச் கம்பிகளை மாட்டி ஒருமுறை, கம்பிகளைக் கழற்றி ஒருமுறை, வாகனத்தை மட்டும் ஒருமுறை. கம்பி கழற்றியபோது வந்த வாகன நிறையிலிருந்து தனி வாகனத்தின் நிறையைக் கழித்தால் உண்மையான மூக்குப் பாரம். கம்பி மாட்டியபின் முன் அச்சில் இழந்த பாரம் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் பாருங்கள். முன்பக்கம் இலேசாக இருந்தால் திருப்பமும் பிரேக்கும் கைவிடும். ஒரு எச்சரிக்கை: சில எஸ்.யு.வி.க்களின் கைநூலில் நிறை பகிரும் ஹிட்ச் போடவே கூடாது என்று இருக்கும். வாங்கமுன் வாசியுங்கள், அது மலிவான சாமான் இல்லை.

பத்திரம். கார் என்றால் விற்கிறவர் பழைய வாகனத் தகவல் பொதி தரவேண்டும், அதில் கடன் பிணை இருந்தால் தெரிந்துவிடும். ட்ரெயிலருக்கு அந்தப் பொதி கிடையாது. எனவே வின் இலக்கத்தை, அதாவது ட்ரெயிலரின் அடையாள இலக்கத்தை, கொண்டு மாகாணப் பிணைப் பதிவேட்டில் நீங்களே தேடவேண்டும். சில டொலர் செலவு, சில நிமிட வேலை. தேடாமல் வாங்கினால் அவருடைய வங்கிக் கடனும் சேர்ந்து உங்கள் முற்றத்துக்கு வரும்.

எங்களை அலைக்கழித்தது கையெழுத்து. அனுமதிப்பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. பின்பக்கத்தில் உரிமையை மாற்றும் பகுதியில் கணவர் மட்டும் கையெழுத்து வைத்திருந்தார். வாகனப் பதிவுக் கவுண்டரில் இருந்தவர் தாளைப் பார்த்த வேகத்திலேயே திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவது பெயர் எங்கே என்று ஒரு கேள்வி, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாயிற்று. சட்டப்படி அவர் செய்தது சரி; ஆனால் வரிசையின் தலைப்பில் தாளைச் சரிபார்க்கும் ஆள் அதைச் சொல்லியிருந்தால் ஒரு மத்தியானம் மிஞ்சியிருக்கும். காசு கைமாறமுன் பத்திரத்தில் எத்தனை பெயர் என்று பாருங்கள், வின் இலக்கத்தைச் சட்டகத்தில் உள்ள தகட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத் தகடு விற்றவருடையது, அவர் கழற்றிக்கொள்வார். நல்ல விஷயம் ஒன்று: ட்ரெயிலர் பதிவு ஒருமுறைதான், வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை.

எடுத்துவரப் போகும் நாளில் வீணாகத் திரும்பி வருகிற ஆட்கள் நிறையப் பேர். காரணம் பிளக். "டோ ரெடி", அதாவது இழுக்கத் தயார், என்று விற்ற வாகனத்தில் பெரும்பாலும் ஹிட்ச் துளையும் நான்கு முனை விளக்கு வயரும்தான் இருக்கும். மின்சார பிரேக்குள்ள ட்ரெயிலருக்கு ஏழு முனை பிளக் வேண்டும், வாகனத்துக்குள் அந்தப் பிரேக்கை இயக்கும் கட்டுப்படுத்தி வேண்டும். ஒன்ராறியோவில் மொத்த நிறை 1,360 கிலோவோ அதற்கு மேலோ போனால் ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். ஆகவே கட்டுப்படுத்தி பூட்டாமல் போனால் வெறும் கையோடுதான் திரும்பவேண்டும். வாங்கினால் வாகனம் வேகம் குறைக்கும் அளவை உணர்ந்து பிரேக் பிடிக்கிற வகையை வாங்குங்கள், நேரம் பார்த்துப் பிடிக்கிற மலிவு வகை வேண்டாம். வெறுமையான தளத்தில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய், கட்டுப்படுத்தியில் கையால் இயக்கும் நெம்பை முழுக்கத் தள்ளுங்கள். ட்ரெயிலர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும் நிலைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அளவை வையுங்கள். பாரம் மாறினால் அளவும் மாறும்.

ட்ரெயிலரின் கொக்கி வந்து உட்காரும் ஹிட்ச் குண்டின் அளவு இன்னொரு பொறி. 2 5/16 அங்குலக் கொக்கி 2 அங்குலக் குண்டின் மேலும் உட்காரும், தாழும் விழும், பார்வைக்கு எல்லாம் சரி. முதல் பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். கொக்கியில் அளவு பொறித்திருக்கும், குண்டின் தலையிலும் இருக்கும், இரண்டையும் வாசியுங்கள். தாழ் போட்டபின் ஜாக்கால் மூக்கை உயர்த்துங்கள், வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பிடித்திருக்கிறது. சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் மூக்கு அதன்மேல் விழும். ட்ரெயிலர் கழன்றால் ஊசியை இழுத்து அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அறுப்புக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வாகனத்தில் தனியாக மாட்டவேண்டும். அந்த ஊசியை இழுத்துச் சோதிக்கலாம், ஆனால் சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள். பற்றரி இறங்கும், பிரேக் காந்தங்கள் சூடேறும்.

401 நெடுஞ்சாலையில் பெரிய லொறி கடக்கும்போது ட்ரெயிலர் வாலாட்டும். மூக்குப் பாரம் 10 வீதத்துக்குக் கீழே போனால், அதாவது கனமான சாமானை அச்சுக்குப் பின்னால் அடுக்கினால், அந்த ஆட்டம் அடங்காமல் கூடிக்கொண்டே போகும். அப்போது காலால் பிரேக் மிதிக்காதீர்கள், வேகமும் கூட்டாதீர்கள். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெயிலர் பிரேக் நெம்பை மட்டும் கையால் தள்ளுங்கள். ஓடும்போது ட்ரெயிலருக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது சட்டம். பிள்ளை நித்திரை என்றாலும் இல்லைதான்.

டயரில் ஏமாறாதவர்கள் குறைவு. "நூல் அப்படியே இருக்கு, புது டயர் மாதிரி" என்பார்கள். நூல் என்பது டயரின் மேற்பரப்பு வெட்டுகள். ட்ரெயிலர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதில் சாகும். பக்கச் சுவரில் டயர் செய்த வாரத்தைக் காட்டும் டி.ஓ.டி. குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் நூல் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள், அந்தக் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். எஸ்.டி. என்று தொடங்கும் ட்ரெயிலர் டயரே போடவேண்டும். காற்று, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் குளிர்ந்த நிலையில் அடிக்கவேண்டும். வேறு வேகம் எழுதியிராத எஸ்.டி. டயருக்கு எல்லை மணிக்கு 65 மைல், கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர். வெடிக்கும் டயர்களில் பெரும்பகுதி குறைந்த காற்றும் கூடிய வேகமும் சேர்ந்தவை. சக்கரம் கழற்றிப் பூட்டினால் நட்டுகளை முறுக்கு விசைச் சாவியால் இறுக்கி, 15, 40, 80 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். அரை அங்குல ஆணிக்கு 90 முதல் 120 அடி-இறாத்தல்.

சக்கரத்தைச் சுழலத் தாங்கும் பேரிங்கைக் கவனிப்பது வருடத்துக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீற்றர், எது முந்துதோ. அச்சு முனையில் றப்பர் மூடியும் கிறீஸ் ஏற்றும் முலையும் இருந்தால் கிறீஸ் துப்பாக்கியால் அடித்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றிக்கொண்டே மெதுவாக அடிக்காவிட்டால் கிறீஸ் பின் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவில் போய்விழும். கிறீஸ் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கழற்றிக் கழுவி, கையால் கிறீஸ் அடைத்து, பின் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நம்பிக்கையான வழி. பூட்டும்போது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைச் சுழற்றியபடி நட்டை 50 அடி-இறாத்தல் இறுக்கி, பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் முட்டும்வரை மட்டும் திருப்பி, நட்டு கழலாமல் தடுக்கும் கொட்டர் பின் போடுங்கள். விரலுக்கு மேல் இறுக்கினால் பேரிங் வழியிலேயே எரியும். ஓட்டத்தின் நடுவே நிறுத்தும்போது எல்லா ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அதில்தான் வேலை.

வீட்டில் பிளக் வைக்கும் கதையைத்தான் எழுத்தில் கத்திச் சொல்ல விருப்பம். ட்ரெயிலரின் 30 அம்பியர் பிளக், டி.டி.-30, மூன்று முனை, 120 வோல்ட். பழைய உடுப்பு உலர்த்தியின் பிளக்கும் மூன்று முனை, 30 அம்பியர், ஆனால் 240 வோல்ட். ட்ரெயிலர் பக்கம் போகாத மின்வேலைக்காரருக்கு 30 அம்பியர் என்றதும் உலர்த்திதான் ஞாபகம் வரும், டி.டி.-30 துளைக்குப் பின்னால் இரண்டு உயிர்க்கம்பிகளைக் கொடுத்துவிட்டு "முடிஞ்சுது" என்று போவார். அதில் செருகினால் பற்றரிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வேட்டர், மைக்ரோவேவ், ஏசி எல்லாம் ஒரே நொடியில் போகும். எங்களிடம் வந்தவர் கொடுத்ததும் 240தான். செருகமுன் மீற்றர் வைத்ததால் ட்ரெயிலர் பிழைத்தது. உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, உயிர்க்கம்பிக்கும் நிலத்துக்கும் 120, நியூட்ரலுக்கும் நிலத்துக்கும் பூச்சியம். வேறு எது காட்டினாலும் செருகாதீர்கள். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரையே பிடியுங்கள், மாகாண மின்பாதுகாப்பு அறிவிப்பையும் போடச் சொல்லுங்கள்.

புரொப்பேன் பற்றி இரண்டு வரி. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் திகதி பொறித்திருக்கும்; கனடாவில் பத்து வருடம் தாண்டினால் மறுசோதனை இல்லாமல் நிரப்பமாட்டார்கள். பழைய ட்ரெயிலரோடு வருகிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடமுன் அதை வாசியுங்கள்.

கூரையைச் சிலிக்கோனால் பூசியிருந்தால் முந்தைய சொந்தக்காரருக்கு ஒழுக்கு இருந்தது என்று அர்த்தம். றப்பர் கூரைக்குத் தானாகப் பரவும் டைக்கோர் லாப் சீலண்ட் என்ற பூச்சு போடவேண்டும். சிலிக்கோன்மேல் வேறெதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதே பாதி வேலை. காற்றுத் துளை, ஏணி அடி, முன்பின் விளிம்பு இவற்றை வசந்தத்திலும் இலையுதிர்விலும் பாருங்கள். வாங்கும்போது மூலைகளிலும் கதவடியிலும் நிலத்தை மிதித்துப் பாருங்கள், அமுங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பனிக்காலத்துக்கு அடைப்பது அரைநாள் வேலை, பிழைவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. முதல் விதி: வெந்நீர்த் தொட்டியைக் குழாய்ப் பாதையிலிருந்து விலக்கி பைபாஸ் செய்யாமல், குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு அன்டிபிறீஸ் ஏற்றவேண்டாம், 23 லீற்றர் அதற்குள்ளேயே போய்விடும். தொட்டி ஆறியபின் அழுத்த வால்வைத் திறந்துவிட்டுத்தான் அடைப்பைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் கொதிநீர் முகத்தில். சபர்பன் நிறுவனத் தொட்டி என்றால் அடைப்போடு, தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கும் அனோட் கம்பி வரும், 1 1/16 அங்குல சொக்கெட் வேண்டும். கம்பி முக்கால்வாசி அரித்திருந்தால் புதியது போடுங்கள். பைபாஸ் சரியாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு லீற்றர் போதும். குழாய் ஒவ்வொன்றிலும் சூடு, குளிர் இரண்டிலும் சிவப்பு வரும்வரை திறக்கவேண்டும். எல்லோரும் மறப்பது வெளிச் ஷவரும், ஊர்த்தண்ணீர் நுழைவாயின் வால்வும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜோடு வையுங்கள். முழுச் சார்ஜ் உள்ளது நம்மூர்க் குளிரில் உறையாது, இறங்கியது உறைந்து பிளக்கும். அடியில் வயர் நுழையும் துளைகளை இரும்புக் கம்பளியால் அடையுங்கள், எலி அதைக் கடிக்காது. நுரை அடைத்தால் கடித்துக் கூடு கட்டும்.

வசந்தத்தில் 57 லீற்றருக்குக் கால் கோப்பை, அதாவது 60 மில்லிலீற்றர், வாசனையில்லாத பிளீச் கலந்து குழாய்கள் முழுக்க ஓடவிட்டு, சில மணிநேரம் விட்டுக் கழுவுங்கள். பைபாஸைத் திருப்பி வைத்து, சமையலறை வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்தபின்தான் வெந்நீர்த் தொட்டியின் மின்சுவிட்சைத் தொடலாம். சில மாதிரிகளில் அந்தச் சுவிட்ச் வெளிப்பக்க மூடிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். யாராவது போன வருடம் போட்டபடி விட்டிருந்தால், வீட்டு மின்சாரத்தைச் செருகிய சில நொடிகளில் வெறும் தொட்டியில் எலிமென்ட் எரிந்துபோகும்.