லீவில் இருக்கிறோம்

டிசம்பர் 27, சனி

அலுவலக லேப்டாப்பை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஜனவரி 4 வரை எனக்கும் லீவு, என் மகனுக்கும் லீவு. எங்கேயும் போவதாக இல்லை. யாரையும் வரச் சொல்லவும் இல்லை. வீட்டிலேயே இருக்கப் போகிறோம் என்பதுதான் திட்டம், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, உனக்கு எந்த வேலைக்கு லீவு?"

"ஆபீஸ் வேலைக்கு."

"அம்மா வேலைக்கு?"

"அதுக்கு லீவே கிடையாதுடா."

கொஞ்சம் யோசித்தான். "சரி, நானும் பையன் வேலைக்கு லீவு போடல. ஆனா காலையில பல் தேய்க்கிறது பையன் வேலை இல்ல. அது ஸ்கூல் பையன் வேலை."

பல் தேய்க்க வைத்துவிட்டேன். ஆனாலும் அந்த வாதத்தை எழுதி வைக்காமல் விட மனம் வரவில்லை. அவனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் இவன் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தவற்றை இப்போது எடுத்துச் சொன்னால், "நானா சொன்னேன்?" என்று வேறு யாரோ ஒரு பையனைப் பற்றிக் கேட்பது போலக் கேட்கிறான். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. அதற்குப் பிந்தைய சில வருடங்களும் அரைகுறையாகத்தான் தங்கும். அவன் மறக்கப் போவதை நானாவது வைத்திருக்க வேண்டும். இந்த நாட்குறிப்பு அதற்காகத்தான்.

தேதியும் பொருத்தமாக அமைந்துவிட்டது. சார்லஸ் டார்வினின் மூத்த மகன் வில்லியம் பிறந்தது 1839 டிசம்பர் 27 அன்று. அந்தக் குழந்தை எப்போது கோபப்பட்டது, எதைக் கண்டு பயந்தது, எதற்குச் சிரித்தது என்று டார்வின் குறித்துக்கொண்டே வந்தார். 110 நாள் குழந்தையாக இருந்தபோது முகத்தில் துணியைப் போட்டுச் சட்டென்று எடுத்தால் வில்லியம் குதூகலித்தானாம். பூச்சிகளையும் பறவைகளையும் கவனித்த அதே பொறுமையோடு ஒரு அப்பா தன் பிள்ளையின் சிரிப்பையும் கவனித்திருக்கிறார். அந்தக் குறிப்புகளை அவர் வெளியிட்டது 1877இல்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு குழந்தையின் கண்ணெதிரேயே ஒன்றில் இருப்பதை ஒல்லியான, உயரமான தம்ளருக்கு மாற்ற வேண்டும். "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டால், ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் உயரமானதைக் காட்டுவார்கள். அதற்கு மேல் வளர்ந்தவர்கள், "ரெண்டும் ஒண்ணுதான், மாத்தித்தானே ஊத்தினீங்க" என்பார்கள். நம்ம ஆள் எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்கு ஆசை. தண்ணீருக்குப் பதில் ஜூஸ் ஊற்றினேன்.

"எதுலடா அதிகம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்." யோசிக்கவே இல்லை. "ஆனா எனக்கு உயரமானதுல குடு."

"ஒண்ணுதான்னு சொன்னியே?"

"ஒண்ணுதான். ஆனா பாக்க நிறைய இருக்கு. பாத்துக்கிட்டே குடிச்சா சந்தோஷமா இருக்கும்ல."

நான் வாயடைத்துப் போனேன். அளவு மாறாது என்று தெரிகிறது, கண் அதிகமாகக் காட்டுகிறது என்றும் தெரிகிறது, இரண்டையும் தெரிந்துகொண்டே கண்ணின் பக்கம் போய் நிற்கிறான். சின்னக் குழந்தையின் கணக்கைத் தாண்டி வந்தவன், அதிலிருந்த சந்தோஷத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டான். இது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். பெருமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தச் சோதனை எதற்கு என்று விளக்கினேன். "அப்ப நாலு வயசுல இருந்த நான் ஏமாந்திருப்பேன்" என்றான். அப்புறம், "பாவம் அவன்" என்று சேர்த்துக்கொண்டான்.

டிசம்பர் 29, திங்கள்

"போரடிக்குது" இன்றுதான் வந்தது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை. பதிலே சொல்லவில்லை. இந்த வார்த்தைக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் குறுக்கே போகாமல் இருந்தால், அங்கிருந்து எதையாவது அவனே கிளப்புவான். போனையோ டிவியையோ உடனே நீட்டிவிட்டால் அது நடக்காது. கூடத்தில் குப்புறப் படுத்து உருண்டான். சுவரில் காலை வைத்துத் தலைகீழாகக் கிடந்தான். பிறகு எழுந்து போய் ஒரு தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

இரண்டாக, நான்காக, எட்டாக. ஆறாவது மடிப்பிலேயே முகம் சிவந்துவிட்டது. ஏழாவதற்கு அவன் அப்பா வந்து முழங்காலை வைத்து அழுத்தினார். எட்டாவது வரவே இல்லை. செய்தித்தாள் எடுத்தார்கள், அதுவும் அதே இடத்தில் நின்றது.

இந்த விஷயம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் தடிமன் இரண்டு மடங்காகிறது. ஏழு மடிப்பில் 128 அடுக்கு. 2002இல் பிரிட்னி கலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி, ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமுள்ள டிஷ்யூ காகிதச் சுருளை எடுத்து 12 முறை மடித்துக் காட்டினார். கணக்கில் மட்டும் மடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 42ஆவது மடிப்பில் உயரம் சுமார் 4,40,000 கிலோமீட்டர். நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில்.

அவன் கண் விரிந்தது. "அப்ப ராக்கெட் எதுக்கு? ஒரு பேப்பர் போதுமே!"

அதோடு விடவில்லை. மடித்த தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லம்மா. உயரம் ஏற ஏற இது சின்னதாயிட்டே போகுது. நிலாவுக்குப் பக்கத்துல போனப்புறம் நிக்கக் கால் வைக்க இடம் இருக்காது."

உண்மைதான். எந்தக் காகிதமும் நிலாவுக்குப் போகாததன் காரணமே அதுதான். நான் சொல்லித் தரவில்லை, அவனே கண்டுபிடித்தான்.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று ஒன்றுமே செய்யவில்லை. மத்தியானம் மூன்று பேரும் தூங்கினோம்.

ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில், "இன்னும் விளையாடணும், அது என் உரிமை" என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அது நிஜமாகவே உரிமைதான் என்று சொன்னேன். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: ஓய்வெடுக்கவும், பொழுதைக் கழிக்கவும், விளையாடவும் குழந்தைக்கு உரிமை உண்டு.

"அதுல எத்தனை மணிக்குத் தூங்கணும்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"நல்ல சட்டம்" என்றான்.

ஓய்வும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்று சொல்லி விளக்கை அணைத்தேன். "ஓய்வுன்னா தூங்கறதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

டிசம்பர் 31, புதன்

வருடத்தின் கடைசி நாள் என்பதால் பேச்சு முழுக்க நேரத்தைப் பற்றியே இருந்தது. 2016 டிசம்பர் 31 அன்று, உலகப் பொது நேரப்படி வருடத்தின் கடைசி நிமிடத்தில் 61 வினாடிகள் இருந்தன என்று சொன்னேன். பூமியின் சுழற்சி துல்லியமாக ஒரே வேகத்தில் இருப்பதில்லை, அணுக் கடிகாரங்களோ கிட்டத்தட்ட பிசகுவதே இல்லை. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கூடும்போது ஒரு வினாடியைச் சேர்ப்பார்கள். அதற்கு லீப் வினாடி என்று பெயர். 1972இல் தொடங்கி இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள், 2016இல் சேர்த்ததுதான் கடைசி. 2035க்குள் இந்த வழக்கத்தையே நிறுத்திவிடுவதாக 2022இல் முடிவெடுத்துவிட்டார்கள்.

"எக்ஸ்ட்ரா ஒரு வினாடியா? நீ அதுல என்ன செஞ்ச?"

"ஞாபகம் இல்லடா."

"சும்மா குடுத்ததை வீணாக்கிட்டியேம்மா!" அவன் அப்போது பிறக்கவில்லை, அந்த வருத்தம் வேறு. "இன்னிக்குத் தூங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வினாடி எக்ஸ்ட்ரா வேணும். நான் வீணாக்க மாட்டேன்."

ஒரு வினாடிதானே, சரி என்றேன். படுக்கையில் உட்கார்ந்து மூச்சை இழுத்துத் தயாரானான். நான் "இப்போ" என்றதும், "கதை சொல்லு!" என்று ஒரே வினாடிக்குள் சொல்லி முடித்துவிட்டான்.

கதை நீளமானது. நானே நீட்டினேன்.

ஜனவரி 1, வியாழன்

புது நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் 1582ஆம் வருடத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வருடம் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள், அக்டோபர் 15 வெள்ளி. பழைய ஜூலியன் நாள்காட்டியின் வருடம் உண்மையான வருடத்தைவிட 11 நிமிடம் போல நீளம். அது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து சேர்ந்து நாள்களாகிவிட்டதால் பத்துத் தேதிகளை எடுத்துவிட்டார்கள்.

"அப்ப அக்டோபர் பத்தாம் தேதி யாருமே பொறக்கலையா?"

"அந்த வருஷம், அந்த நாடுகள்ல, யாரும் பொறக்கல."

"பரீட்சை வெச்சிருந்தா?"

"நடந்திருக்காது."

அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாள்காட்டியில் விரலை ஓட்டி, எந்தெந்தத் தேதிகளை எடுத்துவிடலாம் என்று தேடத் தொடங்கினான். திடீரென்று விரல் நின்றது. "அம்மா, அந்தப் பத்து நாள் லீவா இருந்திருந்தா?"

அதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு பேருமே கொஞ்ச நேரம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக வருத்தப்பட்டோம்.

ஜனவரி 2, வெள்ளி

இதுவரை எழுதியதை எல்லாம் இன்று அவனுக்குப் படித்துக் காட்டினேன். வெளியே போடுகிறேன் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பற்றியது. அவன் சிரிப்பு அவனுடையது, அதை ஊருக்குக் காட்ட அவனைக் கேட்காமல் எனக்கு உரிமை இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிள்ளை அழுவதையும் அடம்பிடிப்பதையும் படமெடுத்துப் போட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையே அதைப் பார்க்கும்.

ஒரு பத்தியை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன். "ஜூஸ் கதை இருக்கட்டும், அதுல நான் நல்லா பேசியிருக்கேன்" என்றான். தன் பெயரைப் போட வேண்டாம் என்பதற்கும் சம்மதம். "பேர் போட்டா எல்லாரும் என்கிட்டயே கேள்வி கேப்பாங்க. உன்கிட்டயே கேக்கட்டும்."

கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20, அதன் இடத்திலும் பின்னாலும் வளரும் நிரந்தரப் பற்கள் 32 என்று சொன்னதும், "20 குடுத்தா 32 திருப்பித் தர்றாங்களா? அப்ப சீக்கிரம் விழட்டும்" என்று நாக்கால் தள்ள ஆரம்பித்துவிட்டான்.

ஜனவரி 3, சனி

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருவோம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி. இந்த வருடம் அந்த அருகாமை நாள் இன்று. அருகில் போகும்போது பூமியின் வேகமும் கூடும்: ஜூலையில் வினாடிக்கு 29.3 கிலோமீட்டர், இப்போது 30.3.

காலையில் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தபடி இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பதில் பேசாமல் கேட்டான். கீழே இறங்கும்போதுதான் வந்தது.

"அதான் இந்த லீவு இவ்வளவு சீக்கிரம் முடியுது. நாமதான் ரொம்ப வேகமா போயிட்டிருக்கோமே. யார்கிட்டயாவது மெதுவா போகச் சொல்லணும்."

படியிலேயே நின்று அவனைக் கட்டிக்கொண்டேன். "விடும்மா, படி" என்றான்.

ஜனவரி 4, ஞாயிறு

பை தயார், சீருடை தயார். சாயங்காலம்தான் வீட்டுப்பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது: விடுமுறையில் என்ன செய்தாய், அரைப்பக்கம் எழுது.

பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் உதவிக்குப் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து காட்டினான்:

"விடுமுறையில் நான் எங்கும் போகவில்லை. நிறைய யோசித்தேன். யோசித்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுதி வைத்திருக்கிறார். மீதியை அவரிடம் கேட்கவும்."

அரைப்பக்கம் வரவில்லையே என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதையே பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். பக்கம் நிறைந்துவிட்டது.