மொழிப் பள்ளி வழியாகச் சிங்கப்பூர்

சிங்கப்பூருக்கு நான் முதலில் வந்தது ஒரு தனியார் பள்ளியின் ஆங்கில வகுப்புக்கு. டிப்ளோமா எல்லாம் அப்புறம்தான். இப்போது ஊரிலிருந்து தம்பிகள் போன் செய்தால் முதலில் கேட்பது, "அண்ணே, படிச்சுக்கிட்டே வேலை பார்க்கலாமா?" என்றுதான்.

முடியாது. தனியார் மொழிப் பள்ளி மூலம் மாணவர் அட்டை (ஸ்டூடன்ட் பாஸ், படிக்கத் தங்கும் அனுமதி) வாங்கியவர்களுக்குப் பகுதி நேர வேலைக்குக்கூட அனுமதி இல்லை. வாரம் 16 மணி நேரம் என்று ஏஜென்டுகள் சொல்வது, என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்கள், பாலிடெக்னிக் போல மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள இடங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்கு உள்ள சலுகை. இதை மறைத்து, "போனதும் சம்பாதிச்சுடலாம்" என்று சொல்லி ஒரு குடும்பத்தை நகையை அடகு வைக்க வைக்கிறார்களே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

படிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, பள்ளியைப் பாருங்கள். எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் இல்லாத தனியார் பள்ளியில் சேர்ந்தால் மாணவர் அட்டை கிடைக்காது. சான்றிதழ் உண்டா என்பதை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பள்ளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, கட்டணத்தைப் பள்ளிக்கே கட்டுங்கள். பள்ளி மூடப்பட்டாலும் பணத்தைக் காப்பாற்றக் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஏஜென்ட் கையில் கொடுத்த காசுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விண்ணப்பம் பள்ளி வழியாகக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குப் போகும். ஒப்புதல் கடிதம் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் இருக்கும்.

வந்த பிறகு வருகைப் பதிவுதான் எல்லாம். மாதம் 90 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. காய்ச்சல் என்றால்கூட மருத்துவச் சான்றிதழ் வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும்.

தங்க இடம் தேடும்போது எல்லாரும் தேக்கா, அதாவது சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா பக்கம்தான் ஓடுவோம். இட்லி கிடைக்கும், கோயில் பக்கம், அறையில் எல்லாரும் நம்ம ஆள்கள். ஆனால் மொழி கற்க வந்தவருக்கு அது அவ்வளவு நல்லதில்லை என்பேன். சிராங்கூன் சாலையில் ஆங்கிலமே பேசாமல் மாதக்கணக்கில் வாழலாம்! எனக்கு ஆங்கிலம் வந்தது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த வியட்நாம், மியன்மார் பிள்ளைகளால். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் மொழி தெரியாது. மதியச் சாப்பாட்டில் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து இது என்ன, எப்படிச் செய்வது என்று தட்டுத் தடுமாறிக் கேட்டுக் கேட்டே வாய் திறந்தது. வகுப்பறையில் படித்ததைவிட அந்த மேசையில் கற்றது அதிகம். ஒரு மாமி மாதிரி எங்களுக்கு எலுமிச்சைப் புல் சூப் கொண்டுவரும் வியட்நாம் அக்காவை இன்றும் மறக்கவில்லை.

வகுப்பு முடிந்து வேறு பள்ளியில் டிப்ளோமா சேர்வதென்றால் பழைய அட்டை செல்லாது. புதுப் பள்ளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அந்த இடைவெளியில் ஊருக்குப் போய்வரும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.