கடலூரில் வாடகை வீடு: தண்ணீரைக் கேட்டுவிட்டு வாடகையைப் பேசுங்கள்

பதவி உயர்வு வேண்டுமென்றால் கடலூர், வேண்டாமென்றால் தேனிப் பக்கம் கம்பத்திலேயே இருக்கலாம். ஆசிரியர் கலந்தாய்வில் என் முன்னால் இருந்தது இவ்வளவுதான். நான் கடலூரை எடுத்துக்கொண்டேன். திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டு என் கணவரால் வர முடியாது. அதனால் நானும், ஏழாவது படிக்கும் மகளும், என் மாமியாரும் வந்தோம். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மலையடிவாரத்திலேயே இருந்து பழகிய நாங்கள் மூவரும் கடலோர ஊரில் எப்படி வீடு பிடித்தோம் என்பதை, மாறுதலில் இங்கே வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்படி வருகிறவர்கள் நிறைய. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தபோது, அதன் தலைநகராக இருந்த கடலூர் தன் பெயரிலேயே அமைந்த மாவட்டத்தின் தலைநகரானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், கருவூலம் என்று ஏதாவது ஒரு வேலையில் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2021இல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை சுமார் 1.73 லட்சம். பெரிய ஊர் என்றும் சொல்ல முடியாது, சின்ன ஊர் என்றும் சொல்ல முடியாது.

இங்கே "கடலூரில் வீடு வேண்டும்" என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. மஞ்சக்குப்பமா, திருப்பாதிரிப்புலியூரா, புதுப்பாளையமா, செம்மண்டலமா, ஓ.டி.யா என்று திருப்பிக் கேட்பார்கள். ஓ.டி. என்பது பழைய துறைமுகப் பக்கம், முதுநகர். ரயில் நிலையமே இரண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒன்று, முதுநகரில் இன்னொன்று. டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிகளைப் பிரித்து வைத்திருப்பது ஆறுகள்தான். வடக்கே புதுச்சேரிப் பக்கம் தென்பெண்ணை. அது நந்தி மலையில் புறப்பட்டு, சாத்தனூர் அணையைத் தாண்டி வந்து இங்கே கடலில் சேர்கிறது. ஊருக்கு நடுவில் கெடிலம். தெற்கே முதுநகரை ஒட்டி உப்பனாறு. கிழக்கே கடல். எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது. வீடு பார்க்கத் தொடங்கிய முதல் நாளே அத்தை இதைப் பிடித்துக்கொண்டார். "வாடகையை அப்புறம் பேசும்மா. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு மொதல்ல கேளு" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் இந்த ஊரில் வீடு பார்ப்பதற்கு இதைவிட நல்ல கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் தேடியது ஆடி மாதத்தில். ஆடியில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் காலியான வீடுகள் காலியாகவே நிற்கும். ஓனர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரே வீட்டைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று நிதானமாகப் போய்ப் பார்க்கலாம். அதுவரை நான் ஒரு மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டேன். அத்தையும் மகளும் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து என்னோடு சேர்ந்து தேடினார்கள். வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஆடியில் வீடு பாருங்கள், ஆவணி பிறந்ததும் குடிபோங்கள்.

ஆடியில் பார்ப்பதில் ஒரு சிரமமும் உண்டு. வெயிலில் எல்லாத் தெருவும் காய்ந்து நல்ல தெருவாகத் தெரியும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே சுவரைப் பார்க்க வேண்டும். தென்பெண்ணைப் பக்கம் ஒரு வீடு, அறைகள் பெரியவை, வாடகை எட்டாயிரம்தான். ஹாலில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட், அதற்கு மேல் பழைய பெயின்ட். கதவு நிலையின் அடிப்பக்கம் உப்பி, மரம் உரிந்திருந்தது. ஓனரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். தெருமுனை இஸ்திரிக்கடை அண்ணன் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இங்கே மழை விட்ட பிறகும் வெள்ளம் வரலாம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கோ மேற்கே பெய்த மழை, ஆற்றில் இறங்கி இங்கே வந்து சேரும்.

ஊர்க்காரர்களிடம் கேட்கும்போது வருடத்தைச் சொல்லிக் கேட்பதைவிடப் புயலைச் சொல்லிக் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. "தானேல ஓடு போச்சு, கரண்டு கம்பம் சாய்ஞ்சுது, ஆனா தண்ணி நிக்கல" என்பார் ஒருவர். "2015ல மாடிப்படி மூணாவது படி" என்பார் இன்னொருவர். தேவனாம்பட்டினத்தில் கேட்டால் 2004 சுனாமியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள். சொல்கிறவர்களில் பலர் வீட்டில் ஒருவரையாவது இழந்தவர்கள்.

வெள்ளம் ஒன்று, குழாய்த் தண்ணீர் இன்னொன்று. கடலோரம் என்பதால் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறுகிறது. ஒரு வீட்டில் உப்பு, இரண்டு தெரு தள்ளி நல்ல தண்ணீர். நான் கைப்பையில் ஒரு துண்டு சோப்பு வைத்துக்கொண்டேன். பின்கட்டுக் குழாயைத் திறந்து கையைத் தேய்த்துப் பார்த்தால் நுரை வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிடித்த வீடாக இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அதில் துவரம்பருப்பை வேகவையுங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. எங்கள் விடுதிச் சமையல்கார அக்கா அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பாட்டிலையும் சோதித்துத் தந்தார். குழாய் முனையில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தாலும் அது உப்புதான். மாநகராட்சிக் குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, மாடி வரைக்கும் ஏறுகிறதா, கீழே வந்து குடத்தில் பிடிக்க வேண்டுமா என்று கீழ்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஓனர் சொல்வதைவிட அது சரியாக இருக்கும்.

நல்ல தண்ணீர் இருந்தும் நாங்கள் வேண்டாம் என்று வந்த வீடு ஒன்று உண்டு. மஞ்சக்குப்பத்தில், என் பள்ளிக்குப் பஸ் வசதியான இடம். ஓனரம்மா காபி கொடுத்தார், நன்றாகப் பேசினார். பிறகு, "சார் கூட இல்லையா? அப்போ யார் யார் வந்து போவாங்க?" என்றார். அதற்கும் பதில் சொன்னேன். அடுத்து, "நீங்க எந்த ஆளுங்க?" என்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதைச் சொல்லித்தான் வீடு கிடைக்கும்னா அந்த வீடு எங்களுக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வகுப்பறையில் பிள்ளைகளைச் சேர்ந்து உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறவள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எப்படி அங்கே குடியிருக்க முடியும்? வீடு தேடி அலைகிற களைப்பில் நம்மில் பலர் பதில் சொல்லிவிடுகிறோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தவர்கள் எழுந்து வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் கிடைத்தது திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி போர்ஷன். இரண்டு படுக்கையறை, சின்னச் சமையலறை, பாதி மொட்டைமாடி. 2015இல் தண்ணீர் தெருவோடு நின்றுவிட்டது, வாசல்படி ஏறவில்லை என்று எதிர்வீடு, பக்கத்து வீடு, டீக்கடை எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பருப்பும் வெந்தது. வாடகை 9,500.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய. அந்த "ஒழிய" என்பதில்தான் பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் நுழைகிறது. ஆகவே ஒத்துக்கொள்வதற்கு முன்பே பேசுங்கள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தபின் ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியது போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஓனர் முதலில் 50,000 கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். பணி ஓய்வு பெற்ற மனிதர், பொறுமையாகக் கேட்டார். மகனிடம் போனில் பேசிவிட்டு, "சரி டீச்சர், மூணு மாசமே குடுங்க" என்றார். 28,500 கொடுத்து ரசீது வாங்கினேன். பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது, மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். அதனால் இன்று வரை எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

கரண்ட் விஷயம். மாடிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, சப் மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் அரசு தரும் இலவச யூனிட்டுகள் உங்களுக்கே வரும். சப் மீட்டர் என்றால் வீடு மொத்தத்தின் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து யூனிட்டுக்கு விலை கூடின அடுக்குக்குப் போய்விடும். எங்களுக்குத் தனி இணைப்பு. இதற்காகவே மாதம் ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வீட்டை எடுத்தேன்.

குடிவந்த பிறகு பழகிக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, சைக்கிள் செயின் துருப்பிடிக்கிறது. மிக்சி அடிப்பக்க ஸ்க்ரூவைக்கூட விடுவதில்லை. வியர்வை காயவே காயாது. கம்பத்தில் சாயங்காலமானால் மலைக்காற்று இறங்கும். இங்கே மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வந்துவிட்டால் மொட்டைமாடியை விட்டு இறங்க மனம் வராது.

மீன்தான் பெரிய பாடம். எங்கள் ஊரில் குளத்து மீன் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கீழ்வீட்டு அக்கா அத்தையை முதுநகர் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, நெத்திலியைக் கூறு கட்டி வாங்குவது, எந்த மீனைக் குழம்பு வைப்பது, எதை வறுப்பது என்று அத்தை ஒரு மாணவியைப் போலக் கற்றுக்கொண்டார். சங்கரா மீன் குழம்பை இப்போது அவர் வைக்கிற பக்குவத்துக்கு அந்த அக்காவே கிண்ணம் எடுத்துக்கொண்டு மேலே வருகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் மீன் விலையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பண்ருட்டிப் பலாப்பழம் வருவது அந்தச் சமயத்தில்தான்.

கோயில் பக்கத்தில் இருப்பது அத்தைக்குப் பெரிய ஆறுதல். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறினார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்து, ஆட்டோவில் போய் வந்தோம். மகளுக்கு சில்வர் பீச் போதும். புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான் என்றாலும் அவசரத்துக்குப் போவதோடு சரி. துணிமணி, பாத்திரம் எல்லாம் லாரன்ஸ் ரோட்டிலேயே வாங்கிவிடுகிறோம்.

முதல் மழைக்காலம் வந்தது. கார்த்திகையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, மறுநாள் வடிந்தது. மழைக்கு முன்பே கீழ்வீட்டு அக்கா சொன்னபடி மெழுகுவத்தி, பால்பவுடர், இரண்டு கேன் குடிநீர், மாத்திரை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். கரண்ட் போன அந்த ராத்திரி கீழ்வீட்டார் நான்கு பேரும் எங்கள் ஹாலில்தான் படுத்தார்கள். தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில் வரவில்லை, பேசிக்கொண்டிருக்கலாம் என்று வந்தார்கள். தானே புயல் அடித்த ராத்திரியை அக்காவின் கணவர் விடிய விடியச் சொன்னார்.

பதினோரு மாத ஒப்பந்தம் வரும் ஜூலையில் முடிகிறது. ஓனர் ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கேட்டிருக்கிறார். இந்தத் தெருவின் வாடகைக்கு அது நியாயம்தான், சரி என்று சொல்லிவிட்டேன். மொட்டைமாடித் தொட்டிக்கு நல்ல மூடி ஒன்றும், படிக்கட்டில் ஒரு விளக்கும் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.