வெர்மீரின் மஞ்சள் அங்கி: ஆம்ஸ்டர்டாம், 2023

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 2023 பிப்ரவரி 10 முதல் ஜூன் 4 வரை நடந்த டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் கண்காட்சிக்கு, திறந்த சில நாட்களிலேயே நுழைவுச்சீட்டுகள் தீர்ந்துவிட்டன. அங்கே வசிக்கும் நண்பர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால்தான் மே மாதத்தில் எனக்கு அந்த வாய்ப்பு அமைந்தது. வெர்மீர் (1632–1675) வரைந்தவையாக அறியப்படும் சுமார் 37 ஓவியங்களில் 28 இக்கண்காட்சிக்காகத் திரட்டப்பட்டிருந்தன. நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருந்ததால், அங்கிருக்கும் மூன்றும் கடல் கடந்து வந்திருந்தன. முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியம் மட்டும் மார்ச் இறுதியிலேயே தி ஹேக் நகருக்குத் திரும்பிவிட்டது.

படங்கள் சிறியவை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த லேஸ் பின்னும் பெண்ணின் ஓவியம் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான உயரந்தான். சில அறைகளில் ஓரிரு படங்களை மட்டும் மாட்டி, முன்னால் அரைவட்டக் கம்பித் தடுப்பு அமைத்திருந்ததால், கூட்டம் இருந்தும் முண்டியடிக்காமல் பார்க்க முடிந்தது.

இத்தகைய கண்காட்சியின் பயன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பேன். பெர்லினிலிருந்து வந்த, கழுத்தில் முத்துமாலையைச் சரிசெய்யும் பெண் அணிந்திருப்பது வெண்ணிற மென்மயிர் விளிம்பிட்ட மஞ்சள் அங்கி. வாஷிங்டனிலிருந்து வந்த, கடிதம் எழுதும் பெண்ணும், ஃப்ரிக் ஓவியத்தில் பணிப்பெண்ணிடம் கடிதம் பெறும் எஜமானியும் அதையே அணிந்திருக்கிறார்கள். வெர்மீர் இறந்தபின் எடுக்கப்பட்ட வீட்டுப் பொருள்களின் பட்டியலில் அப்படியொரு மஞ்சள் அங்கி இடம்பெற்றிருக்கிறது. ஒரே துணி, ஒரு படத்தில் காலை வெளிச்சத்தில் கரைய, இன்னொன்றில் இருண்ட பின்புலத்துக்கு எதிரே கனத்து விழுகிறது.

பால் ஊற்றும் பெண்ணின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். அவளுக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், பிடுங்கிய ஆணிகள் விட்டுச்சென்ற துளைகள் என எல்லாமே தீட்டப்பட்டிருக்கின்றன. அதே சுவரில் முதலில் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றை வரையத் தொடங்கி, பிறகு அதை மறைத்துவிட்டார் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

புல்லாங்குழல் ஏந்திய பெண் வெர்மீரின் கைவண்ணம் அன்று என வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் 2022-இல் அறிவித்திருந்தும், ரைக்ஸ் அதை அவருடையதாகவே காட்சிக்கு வைத்தது. என் கண்ணுக்கு வாஷிங்டன் சொல்வதே சரியெனப்பட்டது. அருகிலிருந்த சிவப்புத் தொப்பிப் பெண்ணின் முகத்திலுள்ள ஒளி இவளிடம் இல்லை.

கண்காட்சியைத் தவறவிட்டவர்கள் இன்றும் ரைக்ஸுக்குச் சொந்தமான நான்கையும், ஒரு மணி நேர ரயில் தொலைவிலுள்ள தி ஹேக்கின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.