முப்பது மதிப்பெண்ணும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக எழுதிப் பார்த்த முதல் மாதிரித் தேர்வில், முப்பதுக்கு எனக்குக் கணக்கில் 26, தமிழில் 25, உளவியலில் 13. இருபத்தொரு ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையிலேயே வாழ்கிறவள் நான். குழந்தையின் மனத்தைப் பற்றிய முப்பது கேள்விகளில் பதினேழைக் கோட்டை விட்டிருந்தேன். விடைத்தாளைத் திருத்தியவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "காபி போடவாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். எனக்குப் பதினான்கு ஆண்டுகள் மீதம் இருக்கின்றன. அதன் நியாய அநியாயத்தையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசித் தீர்த்துவிட்டோம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான முதல் தாள் நவம்பரில்; கையில் இருந்தது பத்து வாரம்.

அதில் முதல் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். பரணிலிருந்து பயிற்சிப் பள்ளிக் காலத்து நோட்டை இறக்கி, 'குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்' பகுதியை மூன்று முறை படித்தேன். பச்சை மையில் கோடு போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் "இது தெரிந்ததுதானே" என்று தோன்றியது. ஒருநாள் மகள் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கற்றலைப் பற்றி உளவியலாளர் தார்ண்டைக் சொன்ன மூன்று விதிகள் என்னென்ன என்று கேட்டாள். பயிற்சி விதி, விளைவு விதி. மூன்றாவது வரவே இல்லை. அவளாக "ஆயத்த விதி" என்றதும், "ஆமாம், அதுதான்!" என்று கத்தினேன்.

இந்தக் கூத்துக்குப் பெயரும் அதே நோட்டில்தான் இருந்தது. பார்த்ததும் "இது தெரியும்" என்பது மீட்டறிதல். ஒன்றையும் பார்க்காமல் மனத்திலிருந்து எடுத்து வைப்பது மீட்டுக்கொணர்தல். பஸ்ஸில் எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்றால் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை என்று பொருள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதானே, முகம் தெரிந்தால் போதாதா என்று நினைத்திருந்தேன். போதாது. கொடுக்கும் நான்குமே தெரிந்த முகங்களாகத்தான் இருக்கும்.

அன்றிரவிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுத ஆரம்பித்தேன். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் வேறு மையில் சேர்ப்பேன். முதல் நாள் முக்கால் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், தாங்களே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்துகிறார்கள். என் முதல் இரண்டு வாரமும் அந்த ஐந்து நிமிடக் கணக்கில் போய்விட்டன.

என்னை அதிகம் உலுக்கியது எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை என்றால் தண்டனை என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் அப்படித்தான் நினைத்திருந்தார். எலிகளை வைத்துச் சோதனை செய்த உளவியலாளர் ஸ்கின்னர் சொல்வது வேறு. வலுவூட்டல் என்று வந்துவிட்டால், நேர்மறையோ எதிர்மறையோ, அந்த நடத்தை கூட வேண்டும். தண்டனை என்றால் குறைய வேண்டும். நேர்மறை என்பது ஒன்றைக் கொடுப்பது, எதிர்மறை என்பது ஒன்றை எடுத்துவிடுவது. நல்லது, கெட்டது என்ற பொருளே அதில் இல்லை. "வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொன்னால் இன்று வீட்டுப்பாடம் கிடையாது" என்பது எதிர்மறை வலுவூட்டல். பிள்ளைக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்துவிட்டேன், வாய்ப்பாடு படிப்பது கூடியது. விளையாட்டு நேரத்தைப் பிடுங்கினால் அதுவும் எடுப்பதுதான். ஆனால் சேட்டை குறைவதற்காக எடுப்பதால் அது தண்டனை. கூடுகிறதா, குறைகிறதா என்பதை முதலில் கேள். கொடுத்தார்களா, எடுத்தார்களா என்பதைப் பிறகு கேள். இப்படிப் பிரித்த பிறகு இந்தப் பகுதியில் நான் தவறவே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு புதன்கிழமை, வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. டஸ்டரால் மேசையைத் தட்டி ஒரு கத்து கத்தினேன். சத்தம் நின்றது. அப்போதுதான் உறைத்தது: இங்கே வலுவூட்டப்பட்டவள் நான். கத்தியதும் எனக்குப் பிடிக்காத இரைச்சல் நீங்கிவிடுகிறது. அதனால் அடுத்த முறையும் கத்துகிறேன். பிள்ளைகளோ மூன்று நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இருபத்தொரு ஆண்டுகளாக எலியாக இருந்தது யார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

குழந்தையின் சிந்தனை வளர்வதை வயதுவாரியாக நிலைகளாகப் பிரித்த பியாஜே எனக்கு வேறுவிதமான தலைவலி. 'கண்கூடாகப் பார்ப்பதைச் சிந்தித்துச் செயல்படும் நிலை' என்ற பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனால் அந்த நீளத்திலேயே விளக்கமும் அடங்கியிருக்கிறது. பெயரை மனத்தில் ஏற்றிவிட்டால் வரையறையைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை இந்த நிலை. அதற்கு முந்தைய நிலையில் இருக்கும் குழந்தை, உயரமான பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீரைக் கூடுதல் என்றே சொல்லும்.

வகுப்பில் செய்து பார்த்துவிடுவோம் என்று ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றை ஒல்லியான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி எது அதிகம் என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்பு ஏறக்குறைய முழுவதும் பாட்டிலைக் காட்டியது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதே தண்ணீர்தானே டீச்சர்" என்றான். பியாஜே வாழ்க என்று நினைத்தேன். அப்போது ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "ஊற்றினால் எப்படி டீச்சர் கூடும்?" என்றாள். வயது ஆறுகூட முடியவில்லை. அவள் வீட்டில் இரண்டு மாடுகள். காலையில் அம்மா பால் அளந்து ஊற்றும்போது பாத்திரம் பிடிப்பவள் அவள்தான். மெக்சிகோவில் மண்பாண்டம் செய்பவர்களின் பிள்ளைகள், களிமண்ணின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பதைத் தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள் என்று 1969-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதைப் படித்ததும் அந்தச் சிறுமியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் தேர்வில் வயது கேட்டால் ஏழு என்றே எழுத வேண்டும். மாட்டுக்காரர் மகளுக்கு விதிவிலக்கு கேட்க விடைத்தாளில் இடம் கிடையாது.

மற்றவற்றை வேகமாகக் கடந்தேன். சமூக மனவளர்ச்சியில் எரிக்சனுக்கு எட்டு நிலைகள். ஒழுக்க வளர்ச்சியில் கோல்பெர்குக்கு மூன்று மட்டங்கள், ஆறு நிலைகள். பியாஜே, ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இருவரும் பிறந்தது 1896-இல். ஒருவருக்கு ஆண்டு தெரிந்தால் மற்றவருக்கும் தெரிந்தது. பாவ்லவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு, மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறிய சோதனைக்கு அல்ல. மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ.: எட்டு வயதுப் பிள்ளையின் மன வயது பத்து என்றால் 125. கணக்கு டீச்சருக்கு அது இலவச மதிப்பெண்.

மறத்தலில் வரும் இரண்டு தடைகள் மட்டும் கடைசி வாரம் வரை கால்வாரின. பழையது புதியதைத் தடுத்தால் முன்னோக்கத் தடை, புதியது பழையதைத் தடுத்தால் பின்னோக்கத் தடை. இந்த ஆண்டு சேர்ந்த பையனை நான் தினமும் அவன் அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். அது முன்னோக்கத் தடை. செல்போனுக்குப் புதிய கடவுச்சொல் வைத்த பிறகு பழையது மறந்துபோனது பின்னோக்கத் தடை. அந்தப் பையனுக்கு நான் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவனால்தான் இது மனத்தில் நின்றது.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உளவியலைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மகளோடு உட்கார்ந்து, நினைவிலிருந்த கேள்விகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உளவியலில் 24 தேறும் போலிருந்தது. தவறியவற்றில் பாதி, என் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு விடை தேடியவை.

திங்கட்கிழமை வகுப்பில் அதே சந்தைக்கடை. டஸ்டரைத் தூக்கினேன், மேசையில் தட்டவும் தட்டினேன். சத்தம் நின்றது. "எதிர்மறை வலுவூட்டல்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டது போல.

"என்ன டீச்சர்?" என்றான் ஒருவன்.

"ஒன்றுமில்லை, கணக்குப் புத்தகத்தை எடு" என்றேன்.