சொட்டுப் போட்டுக் காட்டுங்க, பாட்டி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு தெருவில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். ஒரு திங்கட்கிழமை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டி ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. வலது கண்ணின் இமையோரத்தில் பீளை காய்ந்து ஒட்டியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மிஸ், இது கிளினிக்ல குடுத்த மருந்து. அஞ்சு நாளாச்சு, ஒன்னும் கேக்கல. வேற நல்ல மருந்தா குடுங்க."

உள்ளே இருந்தது குளோராம்பெனிக்கால் கண் சொட்டு மருந்து, 0.5 சதவீதம். பாக்டீரியாவால் வரும் கண் நோய்க்கு இங்கே வழக்கமாகக் கொடுப்பதுதான். மூடியைத் திறந்து பார்த்தேன். சொட்டு விழும் அந்தச் சின்னத் துளையைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பீளை. பாட்டியின் கண்ணிலிருந்து புட்டியின் முனைக்கு வந்து காய்ந்திருந்தது.

வேறு மருந்து எடுக்கவில்லை. ஒரு முறை போட்டுவிட்டு எறிந்துவிடும் செயற்கைக் கண்ணீர்க் குப்பி ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். "இதுல மருந்து இல்ல, வெறும் கண்ணீர் மாதிரிதான். வீட்ல எப்படிப் போடுவீங்களோ, அப்படியே ஒரு சொட்டுப் போட்டுக் காட்டுங்க, பாட்டி."

பாட்டி தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை இறுக மூடி, குப்பியின் முனையை இமைமேல் வைத்தார். இடம் சரிதானா என்று முனையாலேயே தடவிப் பார்த்தார். அப்புறம் அழுத்தினார். இரண்டு சொட்டு. இரண்டும் கன்னத்தில் வழிந்து ஓடின. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இப்படித்தான்" என்றார்.

உறைமேல் இருந்த லேபிள் மலாயில் அச்சிட்டிருந்தது: "1 தித்திஸ், செத்தியாப் 2 ஜாம்." இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு என்று பொருள். பாட்டிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. எண்கள் மட்டும் தெரியும். 1, 2 என்று இருப்பதைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு சொட்டு என்று அவரே முடிவு செய்திருக்கிறார். ஐந்து நாளில் கண்ணுக்குள் எத்தனை சொட்டுப் போயிருக்கும்? அநேகமாக ஒன்றுகூட இல்லை.

சின்ன வயதில் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர் அவர். "அங்க டிரசர் வந்து ஊத்திவிடுவாரு மிஸ். நாம படுத்துக் கெடந்தா போதும்" என்றார். டிரசர் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளர். எழுபது வயதைத் தாண்டியவருக்குத் தன் கண்ணில் தானே மருந்து விடுவது அந்த வாரம்தான் முதல் தடவை. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களும் வாங்கியவரும் அது தெரிந்த விஷயம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். "போடத் தெரியும்ல?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும்" என்றுதான் சொல்வார்கள். "போட்டுக் காட்டுங்க" என்றால்தான் உண்மை தெரியும். நம் ஊரில் தனியார் கிளினிக்குகளே மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிடும். அதனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் மருந்து பலிக்காமல் இரண்டாவது மருந்து தேடி வருகிறவர்கள். அப்போது நான் முதலில் பார்ப்பது பழைய புட்டியின் முனையை.

பாட்டிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகப் பீளையைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. பீளையோடு மருந்து விட்டால் மருந்து பீளைமேல்தான் நிற்கும். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி விரியும். மேலே பார்த்துக்கொண்டு அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. முனை இமையிலோ முடியிலோ விரலிலோ படக்கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணீர் வடியும் குழாய் அங்கேதான் திறக்கிறது. அழுத்தாவிட்டால் மருந்து அந்த வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். குளோராம்பெனிக்கால் போட்டதும் வாய் கசக்கிறது என்பார்களே, காரணம் அதுதான்.

ஏன் ஒரே சொட்டு? புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். கண்ணோ சுமார் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் தாங்காது. ஒரு சொட்டே ததும்பிவிடும். இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகும். டாக்டர் இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் இடையில் 5 நிமிடமாவது விட வேண்டும் என்பதும் இதனால்தான். களிம்பும் இருந்தால் அது கடைசி. களிம்பு போட்டதும் பார்வை கொஞ்ச நேரம் மங்கும், உடனே மோட்டார் சைக்கிள் எடுக்க வேண்டாம்.

பாட்டியின் கை நடுங்கியது. அவருக்கு வேறு வழி சொன்னேன். கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பேத்தி உள்மூலையில் ஒரு சொட்டு விடட்டும். பிறகு பாட்டி கண்ணைத் திறந்தால் சொட்டு தானாக உள்ளே இறங்கும். அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கும் நான் இதைத்தான் சொல்வது. மருந்தை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னேன், உறையும் தட்டில் அல்ல, கீழே. குளோராம்பெனிக்கால் சொட்டு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பினாங்கு வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் அது கிடந்தால் என்ன மிஞ்சும்? இன்னொரு வசதியும் உண்டு. குளிர்ந்த சொட்டு கண்ணில் விழுந்தால் விழுந்தது தெரியும். முனையால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய புட்டியை எறியச் சொல்லி, டாக்டரிடம் போனில் பேசிப் புதியது கொடுத்தேன். புதிய உறையில் தமிழில் எழுதினேன்: "முதல் 2 நாள், விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. அடுத்த 3 நாள், காலை, மதியம், மாலை, படுக்கும்போது." பக்கத்தில் திறந்த தேதி. கிளினிக்குக்குக் கிளினிக் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், உங்கள் டாக்டர் சொன்னதையே பின்பற்றுங்கள். இரண்டு நாள் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும், கடைகடையாக மருந்து மாற்றக்கூடாது.

பேத்தி கைப்பேசியில் படித்துவிட்டு வந்திருந்தாள். "மிஸ், இந்த மருந்தால ரத்தம் ஊறாம போயிடும்னு போட்டிருக்கே?" நல்ல கேள்வி. 1947-ல் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்த மருந்து இது. மாத்திரையாகவும் ஊசியாகவும் கொடுத்த காலத்தில் எலும்பு மஜ்ஜையைப் பாதித்தது உண்மை. கண் சொட்டில் அந்த ஆபத்து மிக மிக அரிது. ஆனாலும் உங்களுக்கோ குடும்பத்திலோ அப்படி ஒரு ரத்த நோய் இருந்திருந்தால் கண்டிப்பாக முன்பே சொல்லிவிட வேண்டும். பாட்டியிடம் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை.

கேட்பதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறொரு கடையில் இருந்தேன். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் கிளினிக் சீட்டு, இதே மருந்து. ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது. கடையில் கூட்டம். மருந்தை எடுத்தேன், லேபிள் ஒட்டினேன், கொடுத்தேன். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாயா என்று கேட்கவில்லை. அவன் போட்டிருந்தான். சொட்டு மருந்து விட்டு, அதன்மேலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு இரவு ஷிப்ட் போயிருக்கிறான்.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். கடை விளக்கைக்கூட அவனால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கருவிழியில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உடனே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். லென்ஸ் போடுகிறவர்களின் கருவிழியில் இப்படிப் புண் வந்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். குளோராம்பெனிக்காலுக்கு அது அடங்காது. மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுப்பி எழுப்பி வேறு மருந்து விட வேண்டியிருக்கும். அவன் கண் பிழைத்தது, ஆனால் தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பார்வை பழையபடி இல்லை என்று பின்னொரு நாள் அவன் அக்கா வந்து சொன்னார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கண் சொட்டு மருந்துகூட நான் கேள்வி கேட்காமல் கொடுத்ததில்லை. லென்ஸ் போடுகிறீர்களா? உறுத்தல் மட்டும் இல்லாமல் வலியும் இருக்கிறதா? வெளிச்சம் கூசுகிறதா? பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாக இருக்கிறதா? ஏதாவது ரசாயனம் தெறித்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் என் கடையில் மருந்து கிடையாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கண்ணில் பீளை தள்ளினாலும் அப்படித்தான், நேரே மருத்துவமனை.

இன்னொரு பயம், மிச்சம் வைத்த புட்டி. தாத்தாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த மருந்து அலமாரியில் இருக்கும். பேரனுக்குக் கண் சிவந்ததும் அதை எடுத்து விடுவார்கள். அந்தப் புட்டியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பை அது சட்டென்று குறைத்துக் காட்டும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால், அந்த நிம்மதிக்குள் கருவிழி அரித்துக்கொண்டே போகும். திறந்து 28 நாள் ஆன புட்டி எதுவானாலும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று நான் மன்றாடிச் சொல்வது இதற்காகத்தான். காதுக்குக் கொடுத்த சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். புட்டிகள் எல்லாம் ஒரே அளவு, வயதானவர்களுக்கு எழுத்து தெரியாது. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

எல்லாச் சிவப்பும் பாக்டீரியா அல்ல. 2015-ல் புகைமூட்டம் சூழ்ந்து பள்ளிகளைக்கூட மூடினார்களே, அப்போது சிவந்த கண்ணோடு பலர் வந்து ஆன்டிபயாட்டிக் கேட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது செயற்கைக் கண்ணீரும் மூடிய ஜன்னலும். கண்ணில் தண்ணீராக வடிந்து, சளி, தொண்டை வலியும் கூட இருந்தால் பெரும்பாலும் வைரஸ். அரிப்புத்தான் பெரிது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். துடைக்கத் துடைக்க மஞ்சளாகப் பீளை ஊறி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால்தான் பாக்டீரியா என்று நினைக்க இடம் உண்டு. அதிலும் லேசானவை பல, மருந்து இல்லாமலே ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், ஏதாவது ஒரு சொட்டு மருந்து கொடுங்கள் என்று இளம் அம்மாக்கள் கெஞ்சுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள், விடுப்பு கிடைக்காது. அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் விட்டால் பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றுவது நிற்காது.

தாய்ப்பால் விடலாமா, நந்தியாவட்டைப் பூ வைக்கலாமா, வெற்றிலை வேகவைத்த தண்ணீரில் கழுவலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம் என்பேன், ஆனால் திட்ட மாட்டேன். டாக்டர் எட்டாத காலத்தில் பிள்ளையின் கண்ணுக்கு ஏதாவது செய்யத் துடித்தவர்களின் கை அது. கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது என்று மட்டும் சொல்வேன். துண்டும் தலையணை உறையும் தனி. அந்தச் சமயத்தில் பூசிய கண்மையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், விலை எவ்வளவானாலும். ஒரே புட்டியை இரண்டு பேர் பங்குபோடக் கூடாது.

பாட்டி அந்த வாரம் சனிக்கிழமை வந்தார், தனியாக. கண் வெளுத்துத் தெளிந்திருந்தது. ஒன்றும் பேசாமல் பையிலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, முனையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பொருக்கு இல்லை, சுத்தமாக இருந்தது.

"பேத்திதான் விட்டா. படவே விடல."

புட்டியில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது. இதை இனி வைக்க வேண்டாம், எறிந்துவிடலாம் என்றேன். பாட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு இருக்கே மிஸ்" என்றார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார்.